எதிர்த்தரப்புக்கு நல்ல வழக்கறிஞரை அமர்த்தும் கதைகள்

சமூகத்தையும் அரசியலையும் மதத்தையும் கேள்விக்கு உட்படுத்துவதாகச் சொல்லப்படும் புனைவுகளில் பெரும்பாலானவை கேள்வி கேட்பவை அல்ல. முன்பே முடிவாகிவிட்ட ஒரு பதிலைக் கதைமாந்தர்களின் வாய்களில் பங்கிட்டுத் தருபவை. அதிகாரத்தில் இருப்பவன் கயவனாக இருப்பான்; எளியவன் நம்முடைய கருத்துகளை நம்மைவிடத் தெளிவாகப் பேசுவான்; சமயத் தலைவர் போலியாகவே இருப்பார். கடைசிப் பக்கத்தை மூடும்போது, முதல் பக்கத்தைத் திறந்தபோது எங்கே நின்றோமோ அங்கேயேதான் நிற்போம், சற்றுக் கூடுதலான பெருமிதத்தோடு. இத்தகைய நூல்களையும் வாசித்து மகிழலாம், தவறில்லை. ஆனால் அவற்றை வாசித்ததால் நான் எதையாவது கேட்கத் தொடங்கினேன் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

பல ஆண்டுகளாக ஒரு சிறிய வாசிப்பு வட்டத்தை ஒருங்கிணைத்து வருகிறேன். இறைநம்பிக்கையில் ஊறியவர்களும், இறைவனே இல்லை என்பவர்களும், கட்சி உறுப்பினர்களும், எந்தக் கட்சியையும் நம்பாதவர்களும் அதில் இருக்கிறார்கள். மாதம் ஒரு நூல் என்பது ஏற்பாடு. கூட்டத்தைச் சண்டையின்றி நடத்துவது எனக்கு ஒருபோதும் நோக்கமாக இருந்ததில்லை. சண்டை நூலைப் பற்றியதாக இருக்க வேண்டும் என்பது மட்டுமே நோக்கம். அந்தக் கூட்டங்களிலிருந்து நான் கற்றுக்கொண்டதில் முதன்மையானது, ஒரு நூலைத் தேர்ந்தெடுக்கும்போது என்ன பார்க்க வேண்டும் என்பதுதான். ஆசிரியர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதை நான் பார்ப்பதில்லை. தமக்கு எதிரான தரப்புக்கு அவர் திறமையான வழக்கறிஞரை அமர்த்தித் தந்திருக்கிறாரா, அல்லது வாயே திறக்கத் தெரியாத ஒருவரைக் கூண்டில் நிறுத்திவிட்டு வென்றதாக அறிவித்துக்கொள்கிறாரா என்று பார்க்கிறேன்.

இதற்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த எடுத்துக்காட்டு ரஷ்ய எழுத்தாளர் தஸ்தயெவ்ஸ்கியின் ‘கரமசோவ் சகோதரர்கள்’. 1879, 1880 ஆண்டுகளில் இதழில் தொடராக வெளிவந்த அந்த நாவலின் ஐந்தாம் பகுதியில், இவான் தன் தம்பி அல்யோஷாவிடம் குழந்தைகள் படும் துன்பங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறான். கடவுள் இல்லை என்று அவன் வாதிடுவதில்லை. இறுதியில் எல்லாம் சரியாகிவிடும் என்ற இசைவு, ஒரு குழந்தையின் கண்ணீரை விலையாகக் கொடுத்துத்தான் கிடைக்கும் என்றால், அந்த இசைவுக்கான நுழைவுச் சீட்டைத் திருப்பித் தந்துவிடுவதாகச் சொல்கிறான். அப்படிப்பட்ட கட்டடத்தைக் கட்ட நீ ஒப்புக்கொள்வாயா என்று அவன் கேட்கும்போது, துறவியாகும் வழியில் நிற்கும் அல்யோஷாவே ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறான். இதை எழுதியவர் ஆழ்ந்த கிறித்தவ நம்பிக்கையாளர். இவானுக்குத் தாம் வைத்திருந்த மறுமொழி, அதாவது அடுத்த பகுதியில் வரும் மூத்த துறவி சோசிமாவின் வாழ்வும் உரைகளும், போதுமானதாக இருக்குமா என்ற கவலை அவருக்கே இருந்ததை அவருடைய கடிதங்கள் காட்டுகின்றன. தம்முடைய நம்பிக்கைக்கு எதிரான வாதத்தைத் தம்மால் இயன்ற அளவு வலுவாக எழுதிவிட்டு, அதற்குத் தம்மால் பதில் சொல்ல முடிந்ததா என்று அஞ்சிய ஓர் எழுத்தாளரை விட நேர்மையான துணை வாசகனுக்குக் கிடைப்பது அரிது.

இந்த நாவலை எடுத்துக்கொண்டபோதுதான், பின்னர் எங்கள் வட்டத்தின் நிலையான வழக்கமாகிவிட்ட ஒரு முறையை முதன்முதலாகச் செயல்படுத்தினோம். இறைநம்பிக்கை உள்ளவர்கள் இவானின் தரப்பை எடுத்துரைக்க வேண்டும். இறைமறுப்பாளர்கள் சோசிமாவின் தரப்பை எடுத்துரைக்க வேண்டும். எடுத்துரைப்பது என்றால் கேலியாகச் சுருக்கிச் சொல்வதன்று. ஆம், நான் சொல்ல நினைத்தது இதுதான் என்று எதிர்த்தரப்பினர் ஒப்புக்கொள்ளும் வரை சொல்ல வேண்டும். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், எங்களில் மிகுந்த பக்தி உடையவர், இவானின் வாதத்தை அன்று எடுத்துரைத்த விதத்தை இன்னும் யாரும் மிஞ்சவில்லை. அந்தக் கேள்வி அவருக்குப் புதிதன்று, வாழ்நாள் முழுவதும் அதை உடன் வைத்துக்கொண்டுதான் வழிபட்டுக்கொண்டிருக்கிறார் என்பது கேட்டுக்கொண்டிருந்த எல்லாருக்கும் புரிந்தது. மறுபுறம், சோசிமாவின் தரப்பை ஏற்ற இளைஞர், “அது வெறும் ஆறுதல்தானே ஐயா, அதில் எடுத்துரைக்க என்ன இருக்கிறது?” என்று நின்றுவிட்டார். அடுத்த கூட்டத்துக்குள் மீண்டும் படித்துவிட்டு வருவதாகச் சொன்னார், வந்தார். சோசிமா இவானை மறுக்கவே இல்லை, ஒவ்வொருவரும் மற்ற எல்லாருக்காகவும் பொறுப்பேற்க வேண்டும் என்றுதான் சொல்கிறார், இது ஆறுதல் அன்று, தாங்க முடியாத கடமை என்று அவர் விளக்கினார். அவர் இறைமறுப்பாளராகவே இருக்கிறார். ஆசிரியரும் பக்தராகவே இருக்கிறார். ஆனால் இருவரும் அதன் பிறகு ஒருவர் தரப்பை ஒருவர் ‘வெறும்’ என்ற அடைமொழியோடு பேசி நான் கேட்டதில்லை.

இந்த முறையில் ஒரு நுட்பம் உண்டு. தரப்புகளைக் கூட்டத்தன்று பங்கிட்டால் பயனில்லை. நூலைப் படிக்கத் தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். தாம் ஏற்காத ஒருவருக்காகப் பேச வேண்டியிருக்கிறது என்று தெரிந்து வாசிப்பவர்கள், தாண்டிச் செல்லும் பக்கங்களில் நிறுத்தி நிதானமாக வாசிக்கிறார்கள். நான் தனியாகப் படிக்கும்போதும் இப்போது இதையே செய்கிறேன். எனக்கு எரிச்சலூட்டும் கதைமாந்தர் பேசும் இடங்களில்தான் பென்சிலைக் கையில் எடுக்கிறேன்.

அடுத்ததாக எங்களுக்குப் பயன்பட்டது, சொல்வதற்கு மிக எளிய, கடைப்பிடிக்க மிகக் கடினமான ஒரு விதி: எதைச் சொன்னாலும் அது எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று காட்ட வேண்டும். புதுமைப்பித்தனின் ‘சாபவிமோசனம்’ கதையைப் பேசியபோது இந்த விதி இல்லாவிட்டால் கூட்டம் கலைந்திருக்கும். 1943ஆம் ஆண்டில் வெளிவந்த அந்தக் கதையைப் பற்றி ஆளுக்கொரு நினைவு இருந்தது. இராமனைத் தாக்கும் கதை என்று ஒருவரும், பெண்ணின் பக்கம் நிற்கும் கதை என்று மற்றொருவரும், இதிகாசத்தை மதித்து விரித்து எழுதிய கதை என்று இன்னொருவரும் சொன்னார்கள். சரி, உரக்கப் படிப்போம் என்று தொடங்கினோம். சாபம் நீங்கிய அகலிகையோடு மீண்டும் வாழத் தொடங்கும் கோதமன், தன் சினத்தைத் தானே சந்தேகிப்பவனாக, பரிவுக்கு உரியவனாகவே எழுதப்பட்டிருக்கிறான். கோபப்படுவதற்கு வசதியான கொடியவன் அந்தக் கதையில் இல்லை. அதுவே அதன் வலிமை.

சீதை தீக்குளித்த செய்தியைச் சொல்லும் இடத்தில் நெடுநேரம் நின்றோம். தன்னை மன்னித்த இராமனா இதைக் கேட்டான் என்று அகலிகை கொதிக்கிறாள். உலகத்துக்கு நிரூபிக்க வேண்டாமா என்று சொல்லிச் சீதை மெல்லச் சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பு எப்படிப்பட்டது? ஏற்றுக்கொண்டவளின் சிரிப்பா, கசந்துபோனவளின் சிரிப்பா, இரண்டும் தெரிந்த ஒருத்தி தன் தோழியை அமைதிப்படுத்தும் சிரிப்பா? ஆசிரியர் சொல்லவில்லை. உள்ளத்துக்குத் தெரிந்தால் போதாதா என்று அகலிகை கேட்பதற்கும், அதைத் தொடர்ந்து உலகம் என்பதுதான் எது என்று எழும் ஐயத்துக்கும் கதையில் விடை கிடையாது. எங்கள் வட்டத்தில் இருந்த ஒரு பெண்மணி, அன்றாடம் இராமாயணம் படிப்பவர், அகலிகை மீண்டும் கல்லாகும் முடிவை வாசித்த பிறகு, தமக்கு இராமன் மீதுள்ள பக்தி குறையவில்லை, ஆனால் இனி அந்தத் தீக்குளிப்புப் பகுதியைப் படிக்கும்போது அகலிகை அருகில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள் என்றார். பக்தியைக் கைவிட வைப்பதும் இல்லாமல், பழையபடி விட்டுவிடுவதும் இல்லாமல், ஒரு சாட்சியைக் கொண்டுவந்து நிறுத்துகிற இந்தச் செயலைக் கட்டுரையால் செய்ய முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அரசியல் நாவல்களில் வேறொரு சிக்கல் உண்டு. ஆசிரியர் எழுப்ப நினைத்த கேள்வி ஒன்றாகவும் வாசகர்கள் எடுத்துக்கொள்ளும் கேள்வி வேறாகவும் ஆகிவிடுகின்றன. அமெரிக்க எழுத்தாளர் அப்டன் சின்கிளேர் 1906இல் வெளியிட்ட ‘தி ஜங்கிள்’ இதற்குப் புகழ்பெற்ற சான்று. சிகாகோவின் இறைச்சித் தொழிற்கூடங்களில் உழன்று அழியும் லிதுவேனியக் குடியேறிகளின் கதை அது. தொழிலாளர்களின் நிலையைக் கண்டு நாடு கொதிக்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம். நாடு கொதித்தது, ஆனால் தன் தட்டில் விழும் இறைச்சியின் தூய்மையைப் பற்றி. அதே ஆண்டு ஜூன் மாதம் இறைச்சி ஆய்வுச் சட்டமும் உணவு, மருந்துத் தூய்மைச் சட்டமும் கையெழுத்தாயின. அவை உண்பவர்களைக் காத்தன, உழைப்பவர்களின் கூலியைத் தொடவில்லை. மக்களின் இதயத்தைக் குறிவைத்தேன், தற்செயலாக வயிற்றில் அடித்துவிட்டேன் என்ற பொருளில் அவரே பின்னாளில் எழுதினார்.

எங்கள் கூட்டத்தில் இந்த நாவலைப் பேசியபோது, தொழிற்சங்க அனுபவம் உடைய ஒருவர் இதை வாசகர்களின் தன்னலம் என்று எடுத்துக்கொண்டார். நான் அவ்வளவு எளிதாக அந்த முடிவுக்கு வர மாட்டேன். நாவலின் கடைசி அதிகாரங்களைப் புரட்டிப் பாருங்கள். கதை நின்றுபோய், கூட்ட உரைகளும் சோசலிச விளக்கங்களுமாக நிரம்பிக் கிடக்கிறது. நாயகன் யூர்கிஸ் அங்கே ஏறக்குறையக் கேட்பவனாக மட்டும் அமர்ந்திருக்கிறான். எந்த இடத்தில் ஆசிரியர் விடையைத் தாமே சொல்லத் தொடங்கினாரோ, அந்த இடத்தில் வாசகர்கள் அவரை விட்டுவிட்டு, கண்முன் காட்சியாக விரிந்த பக்கங்களை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். இதிலிருந்து நாங்கள் பெற்ற நடைமுறைப் பாடம் ஒன்று உண்டு: நூலில் எந்தப் பக்கங்கள் நமக்குக் காட்சியாக நினைவில் நிற்கின்றன, எவை கருத்தாக மட்டும் நிற்கின்றன என்று முதலில் தனித்தனியே எழுதிக்கொள்வது. கேள்வி பெரும்பாலும் முதல் வகைப் பக்கங்களில்தான் இருக்கிறது.

கேள்வியாக இருக்கும் ஒரு முடிவை விடையாக மாற்றிவிடுவது எவ்வளவு எளிது என்பதற்கு ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘விலங்குப் பண்ணை’க்கு நேர்ந்ததைச் சொல்லலாம். 1945இல் வெளிவந்த அந்தக் குறுநாவலில் விலங்குகள் பண்ணையின் மனித முதலாளியை விரட்டிய பிறகு பன்றிகள் அதிகாரத்தைக் கைப்பற்றுகின்றன. அதன் முடிவில், பன்றிகளும் மனிதர்களும் ஒரே மேசையில் அமர்ந்திருக்க, வெளியிலிருந்து பார்க்கும் விலங்குகளுக்கு யார் பன்றி, யார் மனிதன் என்று பிரித்தறிய முடியாமல் போகிறது. அமெரிக்க உளவு நிறுவனமான சி.ஐ.ஏ.வின் மறைமுகப் பணத்தில் எடுக்கப்பட்டு 1954இல் வெளிவந்த அனிமேஷன் திரைப்படத்தில் இந்த முடிவு மாற்றப்பட்டது. மனித முதலாளிகள் அந்தக் கடைசிக் காட்சியிலிருந்து நீக்கப்பட்டார்கள். விலங்குகள் பன்றிகளுக்கு எதிராக மட்டும் கிளர்ந்தெழுகின்றன. நூல் இரு தரப்பையும் நோக்கி நீட்டிய விரல், படத்தில் ஒரு தரப்பை நோக்கி மட்டும் திரும்பியது. இந்தச் செய்தியைக் கேட்டதும் வட்டத்தில் இருந்தவர்கள் அமெரிக்காவைத் திட்டினார்கள். நானும் சேர்ந்து திட்டினேன். பிறகு, நாம் ஒவ்வொருவரும் நமக்குப் பிடித்த நாவலின் முடிவை நினைவிலிருந்து எழுதிவிட்டு நூலோடு ஒப்பிட்டுப் பார்க்கலாமே என்று ஒருவர் முன்மொழிந்தார். ஒப்பிட்டோம். எவருடைய பணமும் இல்லாமல் நாங்களே பல முடிவுகளை எங்களுக்கு ஏற்றாற்போல் திருத்தி வைத்திருந்தது தெரிந்தது. அன்று முதல் எந்த நூலாக இருந்தாலும் கடைசி அதிகாரத்தைக் கூட்டத்துக்கு முந்தைய நாள் மறுபடி வாசித்துவிட்டு வருவதை எல்லாரும் ஏற்றுக்கொண்டார்கள்.

இதுவரை சொன்னவற்றை விட எங்களை நீண்ட காலம் அலைக்கழித்தது இந்திரா பார்த்தசாரதியின் ‘குருதிப்புனல்’. 1968ஆம் ஆண்டு டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட நிகழ்வைப் பின்னணியாகக் கொண்டு 1975இல் வெளிவந்து, 1977இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற நாவல் அது. அதன் நிலக்கிழார் பாத்திரத்தின் வன்மத்துக்கு அவனுடைய ஆண்மைக் குறைவும் அதனால் விளைந்த தாழ்வுணர்வும் காரணமாகக் காட்டப்படுகின்றன என்பதால், இடதுசாரித் திறனாய்வாளர்கள் இந்நூலைக் கடுமையாக மறுத்தார்கள். வர்க்கமும் சாதியும் நிகழ்த்திய படுகொலையை ஒரு தனிமனிதனின் உடல்குறைக்குள் அடைத்துவிட்டது என்பது அவர்கள் குற்றச்சாட்டு.

எங்கள் கூட்டத்தில் இந்தக் குற்றச்சாட்டை ஏற்றவர்களே மிகுதி. நானும் பெருமளவுக்கு ஏற்கிறேன். எரித்தவர்களின் கூட்டத்தில் உடல்குறை ஏதும் இல்லாதவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று கேட்டால் அந்த விளக்கம் நொறுங்கிவிடும். ஆனால் அந்தக் கேள்வியை நாங்கள் கேட்டதே நாவல் எங்களுக்கு அந்த விளக்கத்தை அளித்ததால்தான் என்று ஓர் இளம் ஆய்வு மாணவி சுட்டிக்காட்டினார். நிலவுடைமை, சாதி, கூலி என்று நாவல் நேராகச் சொல்லியிருந்தால் நாங்கள் தலையசைத்துவிட்டு அடுத்த நூலுக்குப் போயிருப்போம். பொருந்தாத ஒரு காரணத்தைக் கொடுத்ததால், ஒரு கொடுமைக்குக் காரணம் என்று எதைச் சொல்ல வேண்டும், தனிமனிதனின் உள்ளம் எங்கே முடிந்து அமைப்பு எங்கே தொடங்குகிறது என்று மாதக்கணக்கில் பேசினோம். இதை வைத்து, குறையுள்ள நாவல்தான் நல்ல நாவல் என்று சொல்ல வரவில்லை. ஒரு நூலோடு உடன்படாதபோது அதை ஒதுக்கிவைக்கும் முன், எந்த வரியில் நம் உடன்பாடு முறிந்தது என்று குறித்துக்கொள்வது பயன் தருகிறது. அந்த வரியில்தான் நாம் அதுவரை சொற்களில் வைத்துப் பார்த்திராத நம் சொந்த நம்பிக்கை ஒன்று வெளிப்படுகிறது.

கேள்வி நம் சொந்தத் தரப்பை நோக்கித் திரும்பும்போது என்ன செய்வது என்பது இதனோடு சேர்ந்தது. இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ 1994இல் வெளிவந்தபோது எழுந்த விவாதம் இதைச் சுற்றியே நடந்தது. ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் துணி வெளுக்கும், அவர்களிலும் கீழாக வைக்கப்பட்ட வண்ணார் குடும்பத்தைச் சேர்ந்த ஆரோக்கியத்தின் வாழ்க்கையை அது சொல்கிறது. ஒடுக்கப்பட்டவர்களே ஒடுக்குபவர்களாகவும் இருப்பதைக் காட்டுவது பகைவர் கையில் ஆயுதம் கொடுப்பதாகாதா என்ற கேள்வி அன்றும் எழுந்தது, எங்கள் வட்டத்திலும் எழுந்தது. அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஆரோக்கியத்தின் பக்கத்திலிருந்து பார்த்தால், அவளைப் பற்றி எழுதாமல் இருப்பதற்குத்தான் நியாயம் தேவைப்படும். கிறித்தவத்துக்கு மாறிய அவள் குடும்பத்தின் நிலை மாறாததையும், தன்னைச் சுரண்டும் மக்களின் மேல் அவள் வைத்திருக்கும் அன்பையும் வாசிக்கும்போது, புரட்சி செய்யாத ஒருத்தியைப் பற்றிய கதை ஏன் புரட்சி பேசும் கதைகளை விட அதிகமாகத் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. இத்தகைய நூல்களைப் பேசும் நாளில், அந்தச் சமூகத்தைச் சேர்ந்தவர் கூட்டத்தில் இருந்தால் அவரை அதன் பிரதிநிதியாக நிறுத்தி விளக்கம் கேட்கக் கூடாது. அவரும் நம்மைப் போல் ஒரு வாசகராகவே வந்திருக்கிறார். இதை ஒவ்வொரு முறையும் நான் வாய்விட்டுச் சொல்லியே கூட்டத்தைத் தொடங்குகிறேன்.

சர்ச்சைக்கு உள்ளான நூல்களைப் பொறுத்தவரை என் நடைமுறை சுருக்கமானது: சர்ச்சையைக் கடைசி அரை மணி நேரத்துக்குத் தள்ளிவிடுவேன். எகிப்திய எழுத்தாளர் நகிப் மஹ்ஃபூஸ் 1959இல் ‘அல் அஹ்ராம்’ நாளிதழில் தொடராக எழுதிய, ‘எங்கள் தெருவின் பிள்ளைகள்’ என்று பொருள்படும் நாவல், சமயத் தலைவர்களின் எதிர்ப்பால் எகிப்தில் நூலாக வெளிவருவதற்கு 2006 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடையில் 1988இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது, 1994இல் அவர் கழுத்தில் கத்திக்குத்தும் விழுந்தது. இவற்றை முதலில் சொல்லிவிட்டால், வந்திருப்பவர்கள் நாவலை மறந்து கருத்துரிமையைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார்கள். கருத்துரிமை பேசப்பட வேண்டியதே. அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்த விவாதத்துக்கு நாவலைப் படித்திருக்க வேண்டிய தேவையே இல்லை என்பதுதான் இடர்ப்பாடு.

படித்தவர்களுக்கு வேறொன்று தெரியும். ஒரு பெரிய வீட்டுக்குள் மறைந்து வாழும் முதியவர் கபலாவியின் வழித்தோன்றல்களாகத் தலைமுறைதோறும் வருபவர்கள் இறைத்தூதர்களின் வாழ்க்கையை நினைவூட்டுகிறார்கள். கடைசியாக வரும் அரஃபா அறிவியலின் சாயலைக் கொண்டவன். அவன் பெரிய வீட்டுக்குள் திருட்டுத்தனமாக நுழைந்ததன் விளைவாக முதியவர் இறந்துபோகிறார். மதத்தை அறிவியல் கொன்றுவிட்டது என்று இங்கே மகிழ்பவர்களுக்கும் சினப்பவர்களுக்கும் நாவல் அடுத்த பக்கங்களைத் தயாராக வைத்திருக்கிறது: அரஃபா கண்டுபிடித்த வெடிப்பொருள் தெருவை ஒடுக்கும் அதிகாரியின் கைக்குப் போகிறது, அவனே அந்த அதிகாரிக்கு அடிமையாகிறான். இரு தரப்புக்கும் வெற்றி இல்லை. எங்கள் கூட்டத்தில் இறைமறுப்பாளர்களே இந்த நாவலால் அதிகம் கலங்கினார்கள் என்பதை இங்கே பதிவு செய்ய வேண்டும்.

யாராவது உண்மையிலேயே புண்பட்டால் என்ன செய்வது என்று புதிதாக வட்டம் தொடங்குபவர்கள் கேட்பதுண்டு. புண்பட்டவரை உடனே சமாதானப்படுத்தாதீர்கள் என்பேன். ஆசிரியர் அப்படிச் சொல்லவில்லை, அது கதைமாந்தரின் கருத்து என்று விளக்கி வாயை அடைப்பதும் ஒருவகை அவமதிப்பே. எந்த இடம் புண்படுத்தியது என்று அவரையே உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். சில நேரம் வாசிக்கும்போதே அவருக்கு அந்த இடம் வேறாகத் தோன்றும். சில நேரம், அவர் சொல்வது சரிதான், எழுத்தாளர் இங்கே மலிவாக நடந்துகொண்டிருக்கிறார் என்று மற்றவர்களுக்குப் புரியும். எழுத்தாளர்களும் மலிவாக நடந்துகொள்வதுண்டு. கேள்வி கேட்கிறார் என்பதற்காக ஒருவருக்கு நகையாடும் உரிமை தானாக வந்துவிடுவதில்லை. ஒருங்கிணைப்பவர் முதல் பாதியில் தம் கருத்தைச் சொல்லாமல் இருப்பதும் இங்கே உதவும். எனக்கு அது இயல்பாக வருவதில்லை என்பதால், பேச்சை வேறொருவரைத் தொடங்கச் சொல்லிவிட்டு நான் குறிப்பெடுப்பவனாக உட்கார்ந்துகொள்கிறேன்.

ஒரு நூலைத் தனியாக எடுப்பதை விட, ஒன்றையொன்று கேள்வி கேட்கும் இரு படைப்புகளை அடுத்தடுத்து எடுப்பது நல்ல பலன் தருகிறது. அதிலும் இரண்டும் ஒரே கையால் எழுதப்பட்டவையாக இருந்தால் இன்னும் சிறப்பு. ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ 1966இல் ‘ஆனந்த விகட’னில் வெளிவந்தது. மழை மாலையில் முன்பின் அறியாதவனின் காரில் ஏறிச் சீரழிக்கப்பட்டு வீடு திரும்பும் கல்லூரி மாணவியை, அவளுடைய தாய் தலையில் நீரூற்றி, நீ தூய்மையாகிவிட்டாய் என்று தேற்றும் முடிவு அன்றைய வாசகர்கள் பலரைக் கொதிக்க வைத்தது. பிறகு அவரே, அந்தத் தாய் அப்படி நடந்துகொள்ளாமல் கூச்சலிட்டு ஊரைக் கூட்டியிருந்தால் அந்தப் பெண்ணின் வாழ்க்கை என்னவாகியிருக்கும் என்று எடுத்துக்கொண்டு ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவலை எழுதினார். அதற்கு 1972இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. அந்த நாவலுக்குள் ஓர் எழுத்தாளர் இருக்கிறார். அவர் எழுதிய சிறுகதையை நாவலின் நாயகி கங்கா படிக்கிறாள். தன் தாய் இப்படி இருந்திருக்கலாமே என்று நினைக்கிறாள். தாம் சொன்ன விடையையே ஒரு கதைமாந்தரின் கையில் இதழாகக் கொடுத்து, அந்த விடை கிடைக்காமல் போனவளின் கண்ணால் அதைப் படிக்க வைக்கும் துணிவை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

முதலில் சிறுகதை, அடுத்த மாதம் நாவல் என்ற வரிசையில் இவற்றை எடுத்தோம். வரிசை முக்கியம், நாவலை முதலில் படித்தவர்களுக்குச் சிறுகதை வெறும் அடிக்குறிப்பாகிவிடுகிறது. நாவலைப் பற்றிய கூட்டத்தின் முடிவில், அதுவரை பேசாமலிருந்த ஒரு மாணவி, தாய் நீரூற்றித் தூய்மையாக்குகிறாள் என்றால் அழுக்கு இருந்ததாக அவளும் ஒப்புக்கொள்கிறாள் அல்லவா என்று கேட்டார். சிறுகதையின் கருணையை அதுவரை யாரும் அந்தப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கவில்லை. அந்தத் தாய்க்குத் தெரிந்த மொழி அது ஒன்றுதான், அந்த மொழிக்குள் நின்றுகொண்டே மகளைக் காப்பாற்ற வேண்டியிருந்தது என்று ஓய்வுபெற்ற ஆசிரியர் சொன்னார். காப்பாற்றியதற்குப் பிறகும் அந்த மொழி அப்படியேதான் இருக்கிறது ஐயா என்றார் மாணவி. இராமாயணம் படிக்கும் அம்மையார், சீதையின் சிரிப்பு வரும் பக்கத்தையும் கொண்டுவந்து இதோடு வைத்துப் பார்க்க வேண்டும் என்றார். அடுத்த மாதத்துக்குக் குறித்திருந்த நாவலைத் தள்ளிவைத்துவிட்டு, இரு சிறுகதைகளையும் மீண்டும் ஒன்றாக எடுத்துக்கொள்வதென்று முடிவாயிற்று. இந்த முறை ஓய்வுபெற்ற ஆசிரியர் மாணவியின் தரப்பையும், மாணவி தாயின் தரப்பையும் எடுத்துரைக்க வேண்டும்.